மல்லாந்து நீந்தச் சொல்லித் தந்தவர்

“உக்காந்துக்கிட்டு நீந்துறீங்க மிஸ்.”

அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இதுதான். நான் நீச்சல் தடாகத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மூக்கில் ஏறிய தண்ணீரைச் சிந்திக்கொண்டிருந்தேன். அவர் நீண்ட பிடி போட்ட வலையால் தண்ணீரில் விழுந்த சவுக்கு இலைகளை அள்ளிக்கொண்டிருந்தார். வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

“மல்லாந்து படுத்துத்தானே நீந்துறேன்?” என்றேன், கொஞ்சம் கோபத்தோடு.

“படுத்தாப்புல நீங்க நெனைக்கிறீங்க. இடுப்பு கீழ கெடக்கு. நாற்காலியில உக்காந்தவங்களத் தூக்கித் தண்ணியில போட்ட மாதிரி இருக்கு.”

பதுளை நகரத்திலுள்ள ஒரு கிளப்பின் நீச்சல் தடாகம் அது. அங்கே உடுப்பு மாற்றும் அறைகளைக் கழுவுவது, தண்ணீரில் இலை அள்ளுவது, குளோரின் மருந்து கலப்பது எல்லாம் அவருடைய வேலை. தெமோதரைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து காலையில் முதல் பஸ்ஸில் வருவார். வயது என்னைவிட இரண்டு மூன்று குறைவாக இருக்கலாம். ஒல்லியான பெண், அகலமான தோள். சிரிக்கும்போது முன்பல் ஒன்றில் ஒரு சிறு முனை உடைந்திருப்பது தெரியும்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதலாமா என்று அவரிடம் கேட்கும் நிலையில் நான் இல்லை. அந்த நாட்களில் அவர் என்னை ‘நீங்க’ என்றார், நான் அவரை ‘நீ’ என்றேன். அவர் அறை கழுவுகிறவர், நான் மாகாண அலுவலகமொன்றில் அதிகாரி என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. இப்போது ‘அவர்’ என்று எழுதுகிறேன். இந்த மரியாதையால் அவருக்கு எந்தப் பிரயோசனமும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அவரிடம் ஒரு குணம் இருந்தது. கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவார். கூட்டியோ குறைத்தோ சொல்லத் தெரியாது. எதை எவர் முன்னால் சொல்லக் கூடாது என்ற கணக்கும் அவரிடம் கிடையாது.

ஒருநாள் காலை நாலைந்து பெண்கள் நீச்சல் உடுப்போடு தயாராக நின்றார்கள். அவர்களில் ஒருவர் பேச்சுக்காக, “தண்ணி நல்லா இருக்கா?” என்று கேட்டார். குளிராக இருக்கிறதா என்பதுதான் அந்தக் கேள்வியின் பொருள். அவர் வலையைக் கீழே வைத்துவிட்டு, “நேத்து தண்ணி சுத்தம் பண்ற மிசின் வேல செய்யலைங்க. மருந்தும் முடிஞ்சு போச்சு. இன்னைக்கி எறங்காம இருந்தா நல்லது,” என்றார். எல்லோரும் உடுப்பை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். கிளப்பின் செக்ரட்டரியான ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார் அவரைக் கூப்பிட்டு ஏசியது வெளியே கேட்டது. மறுநாள் மிசின் வேலை செய்தது. முந்திய நாள் திரும்பிப் போன அதே பெண்மணி மறுபடியும் கேட்டார். “இன்னைக்கி நல்லா இருக்குங்க. ஆனா நேத்து உங்ககிட்டச் சொன்னதுக்கு எனக்கு ஏச்சு கெடச்சுச்சு,” என்றார் அவர். செக்ரட்டரி நாலடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

இன்னொரு நாள் ஓர் உறுப்பினர் அம்மா, “வீட்டுக்காரர் என்ன செய்றார்?” என்று விசாரித்தார். “கொழும்புல வேற ஒருத்தியோட இருக்காருங்க,” என்றார் இவர், நேரம் கேட்டதற்குப் பதில் சொல்வது போல. கேட்ட அம்மாவுக்குத்தான் முகம் சிவந்தது. பக்கத்தில் நின்ற எனக்கும் கூசியது. இப்படியா சொல்லுவது, ‘கொழும்பில் வேலை’ என்று நிறுத்தியிருக்கலாமே என்று நினைத்தேன். நானாக இருந்தால் அப்படித்தான் நிறுத்தியிருப்பேன். என் வாழ்க்கையில் நான் கெட்டிக்காரத்தனமாகச் செய்த காரியம், எந்த வாக்கியத்தை எங்கே நிறுத்துவது என்று கற்றுக்கொண்டதுதான்.

நான் பூனாகலைப் பக்கத்தில் ஒரு லயத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தவர். புலமைப்பரிசில் கிடைத்து விடுதியில் படித்து, உத்தியோகம் பார்த்து, பதுளை நகரத்தில் கடை வைத்திருக்கும் ஒரு குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டேன். “எந்த ஊர்?” என்று யாராவது கேட்டால், “பண்டாரவளைப் பக்கம், இப்ப பதுளை டவுன்” என்பேன். அது பொய்யில்லை. அதோடு நிறுத்திவிடுவேன். அம்மா இறந்தபோதுகூட அலுவலகத்தில், “ஊரில் ஒரு மரண வீடு” என்று சொல்லித்தான் லீவு எடுத்தேன். யாருடைய மரணம் என்று திரும்பி வந்த பிறகும் சொல்லவில்லை. அலுவலகத்தார் மலர்வளையத்தோடு வேன் பிடித்து லயத்துக்கு வந்துவிடுவார்கள் என்ற பயம்.

நீச்சலுக்கு நான் போனது முதுகுவலியால். நாற்காலியிலேயே உட்கார்ந்து வேலை செய்து வந்த வலி. “மல்லாந்து நீந்துங்கள், முதுகுக்கு நல்லது” என்றார் டாக்டர். நாற்பத்திரண்டு வயதில் கிளப்பில் சேர்ந்தேன். சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கும் மாஸ்டர் எனக்கு மிதக்கக் கற்றுக்கொடுத்தார். அதற்கு மேல், “பழகப் பழக வரும் மிஸ்” என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளிடம் போய்விட்டார். எனக்கு வரவில்லை. நேராகப் புறப்பட்டால் பாதி வழியில் பக்கவாட்டுக் கயிற்றில் போய் இடிப்பேன். காலை எவ்வளவு அடித்தாலும் நகராது. வாயில் தண்ணீர் விழும். அலுவலகத்துக்கு முன்னால், வேறு யாரும் வராத காலை நேரத்தைத் தேர்ந்தெடுத்துப் போக ஆரம்பித்தேன். என் தத்தளிப்பை ஒருவரும் பார்க்கக் கூடாது. ஆனால் அந்த நேரத்தில் அவர் அங்கே இருந்தார்.

“உக்காந்துக்கிட்டு நீந்துறீங்க” என்று சொன்ன அன்று, நான் எரிச்சலோடு, “உனக்கு நீந்தத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“தெரியுங்க.”

“எங்க கத்துக்கிட்ட? ஆத்துலயா?”

“இல்லீங்க, குவைத்துல. வீட்டு வேலைக்குப் போயிருந்தேன். அந்த வீட்டுச் சின்னப்புள்ளைக்கு நீச்சல் சொல்லிக் குடுக்க ஒரு பிலிப்பைன் பொண்ணு வருவா. புள்ள என்னைய விட்டுட்டு எறங்க மாட்டேன்னு அழும். அதுனால என்னையும் தண்ணிக்குள்ள எறக்கிட்டாங்க. மொதல் மாசம் புள்ளையவிட நான்தான் அழுதேன். அப்புறம் ரெண்டு வருசம். அந்தப் புள்ள இப்ப என்னைய மறந்துருக்கும். நான் நீச்சல மறக்கல.”

பிறகு வலையைத் திருப்பிப் பிடித்து, அதன் பிடியால் என் காதுப் பக்கம் சுட்டிக் காட்டினார்.

“தலையத் தூக்கிக் காலப் பாக்குறீங்க. தல மேல வந்தா இடுப்பு கீழ போயிரும். காதத் தண்ணிக்குக் குடுத்துருங்க. வானத்தப் பாருங்க. தொப்புள மேல தூக்குங்க.”

காதைத் தண்ணீருக்குக் கொடுத்தேன். உலகத்துச் சத்தமெல்லாம் அடங்கி, என் மூச்சு மட்டும் கேட்டது. இடுப்பு தானாக மேலே வந்தது.

அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாள் காலையில் அவரிடம் பாடம். அவர் கரையில், நான் தண்ணீரில். “முழங்கால் வெளிய எட்டிப் பாக்குது. சைக்கிள் மிதிக்காதீங்க. இடுப்புலேருந்து ஒதைங்க, கால் வெரல் மட்டும் தண்ணியக் கிள்ளணும்.” “கை வெளிய வரும்போது கட்ட வெரல் மொதல்ல வரணும், உள்ள போகும்போது சுண்டு வெரல்.” என் கோணல் ஓட்டத்துக்கும் அவர்தான் காரணம் கண்டுபிடித்தார். நான் கையைத் தலைக்குப் பின்னால் குறுக்காகப் போடுகிறேனாம். “மணிக்கூட்ட நெனச்சுக்குங்க. தல பன்னெண்டு. ஒரு கை பதினொண்ணு, ஒரு கை ஒண்ணு. பன்னெண்டத் தொடக்கூடாது.”

தலை அசையாமலிருக்க, ஒரு பிளாஸ்டிக் கப்பில் பாதி தண்ணீர் ஊற்றி என் நெற்றியில் வைத்து நீந்தச் சொன்னார். முதல் இருபது தடவையும் கப் என் முகத்திலேயே கவிழ்ந்தது. அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தக் கிளப்பில் நான் சத்தமாகச் சிரித்தது அப்போதுதான்.

“அசையாதீங்க மிஸ், பெரட்டுல நிக்கிற மாதிரி விறைப்பா...” என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். “பெரட்டுன்னா, காலையில வேலைக்குப் பேரு குடுக்கத் தோட்டத்து ஆளுங்கல்லாம் வந்து நிப்பாங்களே...”

“தெரியும், தெரியும்,” என்றேன், கப்பைத் திரும்ப நெற்றியில் வைத்துக்கொண்டு.

அவர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். “மிஸ் எந்தத் தோட்டம்?”

நெற்றியில் கப் இருந்ததால் தலையைத் திருப்ப முடியவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டே, “நான் டவுன். பெரட்டு பத்தி எங்கேயோ வாசிச்சிருக்கேன்,” என்றேன்.

“சரிங்க,” என்றார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவர் கேட்கவே இல்லை.

கரையிலிருந்து சொல்வது ஒரு கட்டத்துக்கு மேல் போதவில்லை. தோளை உருட்டுவது என்றால் என்னவென்று எனக்குப் புரியவில்லை. கையை மட்டும் வீசாமல், அந்தப் பக்கத்துத் தோளும் சேர்ந்து சாய வேண்டும் என்று பத்துத் தடவை சொன்னார். நான் உடம்பு முழுவதையும் புரட்டிக்கொண்டு குடிதண்ணீர் போலக் குளோரின் தண்ணீரைக் குடித்தேன்.

“நீயும் எறங்கிக் காட்டேன்,” என்றேன்.

“வேலையாளுங்க எறங்கக் கூடாதுங்க. போர்டுல எழுதியிருக்கு.”

“இந்த நேரத்துல யாரு பாக்கப் போறா?”

“யாரும் பாக்காட்டியும் எறங்குனது எறங்குனதுதானே. வேணும்னா செக்ரட்டரி ஐயாகிட்டக் கேக்குறேன். குவைத்துலேருந்து கொண்டாந்த உடுப்பு இருக்கு, உடம்பு முழுக்க மூடுற உடுப்பு. குளிச்சிட்டுத்தான் எறங்குவேன். கேட்டா ஒருவேள விடுவாரு.”

“நீ கேக்க வேணாம். நான் மெம்பர், நான் சொல்லிக்கிறேன்.”

“சொல்லுவீங்கல்ல?”

“சொல்லுவேன்னு சொல்றேனே.”

அடுத்த நாள் வந்தபோது முதலில் அதைத்தான் கேட்டார். “சொல்லியாச்சு, ஒண்ணும் பிரச்சினையில்ல” என்றேன். நான் சொல்லியிருக்கவில்லை. சொல்லப் போனால், எதற்காக இந்தப் பெண்ணிடம் கற்றுக்கொள்கிறீர்கள் என்று செக்ரட்டரி கேட்பார். அந்தப் பேச்சு எங்கெங்கோ போகும். அதைத் தவிர்ப்பதற்காகச் சொன்ன பொய் அது. தான் பொய் சொல்லாதவர் என்பதாலோ என்னவோ, அவர் அதை அப்படியே நம்பினார். கறுப்பு நீச்சல் உடுப்பை அணிந்து, தண்ணீர்க் குழாயடியில் குளித்துவிட்டு இறங்கினார்.

அவர் மல்லாந்து நீந்தியதை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீர் தெறிக்கவே தெறிக்காது. ஒரு தோள் மேலே வரும், அது சாயும்போது மறு தோள் வரும். முகம் மட்டும் ஒரே இடத்தில் அசையாமல் இருக்கும். நமுனுகுல மலைக்கு மேல் வெயில் ஏறும் நேரம் அது. அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டிய ஆள் போலத் தெரியாது.

தண்ணீருக்குள் என் தோளைப் பிடித்து உருட்டிக் காட்டினார். என் முதுகுக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு கூடவே நடந்தார். ஒரு தடவை நான் பயந்துபோய் அவருடைய கழுத்தைக் கட்டிக்கொண்டேன். “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, நான் இருக்கேன்ல” என்று முதுகில் தட்டினார். என் அம்மா போன பிறகு அப்படி யாரும் என்னைத் தட்டியதில்லை.

இடையில் கரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது மகளைப் பற்றிச் சொல்வார். குவைத்துக்குப் போகும்போது பிள்ளைக்கு இரண்டு வயது. திரும்பி வந்தபோது, அண்ணன் மனைவியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, “அது யாரு அத்த?” என்று கேட்டதாம். “அன்னைக்கி ராத்திரி என் பக்கத்துல படுக்க மாட்டேனுடுச்சு மிஸ். ஒரு மாசமாச்சு, ‘அம்மா’ன்னு கூப்பிட. இனிமே கடல் தாண்டிப் போறதில்லன்னு அன்னைக்கே முடிவு பண்ணேன். இந்த வேல எனக்கு அதுக்குத்தான். புள்ள பள்ளிக்கூடம் விட்டு வாறதுக்குள்ள நான் வீட்டுல இருக்கலாம்.”

ஒரு புதன்கிழமை நான் தடாகத்தின் நீளம் முழுவதையும் நேராக நீந்தினேன். சுவர் நெருங்குவதைக் காட்டக் குறுக்கே கட்டியிருக்கும் சின்னக் கொடிகள் தலைக்கு மேலே வந்ததும் கைவீச்சை எண்ண வேண்டும். எனக்கு ஏழு கை, அப்புறம் சுவர். ஏழு எண்ணி நீட்டினேன். விரல் சுவரில் பட்டது. இடிக்கவில்லை, வளையவில்லை, ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவில்லை. பக்கத்து வரிசையில் கூடவே நீந்தி வந்தவர் இரண்டு கையாலும் தண்ணீரை அடித்து, “வந்துட்டீங்க மிஸ்! நேரா வந்துட்டீங்க!” என்று கத்தினார்.

திரும்பிப் பார்த்தால் கரையில் இரும்புக் கடை முதலாளியின் மனைவி நின்றுகொண்டிருந்தார். வழக்கமாகப் பத்து மணிக்கு வருகிறவர். என் மாமியாருக்கு வேண்டியவர். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு செக்ரட்டரியின் அறைக்குப் போனார்.

செக்ரட்டரி எங்களைக் கூப்பிட்டனுப்பினார். உடுப்பை மாற்றிக்கொண்டு போனோம். பரிசுக் கோப்பைகள் அடுக்கிய அலமாரியும் பழைய தலைவர்களின் படங்களும் உள்ள சின்ன அறை. எனக்கும் இரும்புக் கடை அம்மாவுக்கும் நாற்காலி போட்டார்கள். அவர் ஈரத் தலையோடு கதவோரம் நின்றார்.

“நாங்க குடும்பத்தோட வந்து எறங்குற தண்ணி,” என்றார் இரும்புக் கடை அம்மா. “கக்கூஸ் கழுவுறவ அதே தண்ணியில கெடந்து கும்மாளம் போடுறா. இந்தத் தோட்டத்து ஆளுங்களுக்குக் கொஞ்சம் எடம் குடுத்தா இப்படித்தான். நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இந்த எடத்துல மரியாத வேணாமா? நீங்க சொல்லுங்க மிஸ்.”

என்னைப் பார்த்துக் கேட்டார். நான் தலையாட்டினேன்.

இதை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். மரியாதைக்காக ஆட்டியது, கேட்டதற்கு ஒரு சம்பிரதாயம் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லியிருக்கிறேன். உண்மை அதுவல்ல. ‘நம்மள மாதிரி ஆளுங்க’ என்று அவர் என்னையும் சேர்த்துச் சொன்னார். அந்தக் கணக்கில் என்னைச் சேர்த்ததற்காகவே தலையாட்டினேன்.

செக்ரட்டரி கதவோரம் நின்றவரைப் பார்த்து, “சட்டம் தெரியும்தானே? யாரு உன்ன எறங்கச் சொன்னது?” என்று கேட்டார்.

அவர் என்னைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. நான் பேசுவதற்கு இடம் விட்டு நின்றார், அவ்வளவுதான். நான் சொல்லிக்கொள்கிறேன் என்று சொன்னவள் நான். சொல்லியாச்சு என்றவளும் நான். ஒரு வாக்கியம் போதும். நான் அலமாரியிலிருந்த கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செக்ரட்டரியின் மேசையில் விரல் தட்டும் சத்தம் கேட்டது.

“யாரும் சொல்லலைங்க,” என்றார் அவர். “நானாத்தான் எறங்குனேன்.”

அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

செக்ரட்டரி என் பக்கம் திரும்பினார். “மிஸ், உங்களுக்கு ஏதும் தொந்தரவு குடுத்தாங்களா?”

“இல்ல... பரவாயில்ல,” என்றேன். ஏதோ அவர் செய்த பிழையை நான் பெரிய மனதோடு மன்னிப்பது போல, “பரவாயில்ல” என்றேன்.

அவரை அன்றே நிறுத்திவிட்டார்கள். சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு, “இன்னைக்கி மருந்து இன்னும் கலக்கலைங்க, யாரயாவது கலக்கச் சொல்லிருங்க,” என்று செக்ரட்டரியிடம் சொன்னார். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். நான் அலுவலகத்துக்குப் போனேன். அன்று ஒரு கூட்டம் இருந்தது. அதில் நன்றாகவே பேசினேன்.

அதற்கு அடுத்த வாரமும் நீந்தப் போனேன். அதையும் சொல்லத்தான் வேண்டும். நிறுத்தினால் என்ன காரணம் என்று கேட்பார்கள் என்று போனேன். இரண்டு மாதத்தில் நிற்காமல் பத்துத் தடவை போய்வர முடிந்தது. முதுகுவலி விட்டுவிட்டது. மாஸ்டர் ஒருநாள் பிள்ளைகளைக் கூப்பிட்டு, “மிஸ்ஸோட தலையப் பாருங்க, அசையுதா?” என்று என்னைக் காட்டினார். யாரிடம் கற்றீர்கள் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒருநாள் கிளப் வாசலில் செக்ரட்டரியைக் கண்டேன். புதிதாக வந்த ஆள் சரியில்லை, மருந்தைக் கூட்டிக் குறைத்துப் போடுகிறான் என்று அலுத்துக்கொண்டார். பிறகு, “அந்தப் புள்ள நல்ல புள்ள மிஸ். எனக்கும் மனசில்ல. யாராவது ஒரு மெம்பர் பொறுப்பெடுத்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா, எச்சரிக்க குடுத்துட்டு வச்சிருப்பேன்,” என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தெமோதரைக்கு பஸ் ஏறினேன். இறங்கி, தேயிலைக்கு நடுவே ஏறும் குறுக்குப் பாதையில் விசாரித்து விசாரித்துப் போனேன். அந்தப் பாதையில் நடக்க என் காலுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. என்ன பேசுவது என்று வழி முழுவதும் ஒத்திகை பார்த்தேன். செக்ரட்டரியிடம் உண்மையைச் சொல்கிறேன், வேலையைத் திரும்ப வாங்கித் தருகிறேன் என்று சொல்லப் போகிறேன். அதைக் கேட்டதும் அவர் முகம் எப்படி மாறும் என்றுகூட நினைத்துப் பார்த்துக்கொண்டேன்.

லயத்து வாசலில் அவருடைய அண்ணன் மனைவி இருந்தார். உள்ளே ஒரு சிறுமி தரையில் கவிழ்ந்து படுத்து எழுதிக்கொண்டிருந்தாள்.

“அவ குவைத்துக்குப் போயி மூணு வாரமாச்சுங்களே,” என்றார் அண்ணி. “கிளப்பு வேல போனதும் டவுனுல அங்க இங்க கேட்டுப் பாத்தா. ஒண்ணும் சரிவரல. பழைய வீட்டுக்காரங்க கூப்பிட்டாங்க. புள்ளைய விட்டுட்டுப் போகவே மாட்டேன்னு இருந்தவ. என்ன செய்ய, ரெண்டு வருசம்னு கையெழுத்துப் போட்டுட்டா. நீங்க யாருன்னு...”

அவரிடம் நீச்சல் கற்றுக்கொண்டவள் என்றேன்.

“அட, நீங்களா! சொல்லிருக்கா, சொல்லிருக்கா.” அண்ணியின் முகம் மலர்ந்தது. “நம்ம ஆளு ஒருத்தங்க, பெரிய உத்தியோகம், பயத்த விட்டுட்டு என்னா அழகா நீந்துறாங்கன்னு சொல்லுவா. நீங்க பூனாகலைப் பக்கம்தானே? எங்க தங்கச்சி ஒருத்திய அங்கதான் கட்டிக் குடுத்துருக்கு. உங்கம்மா செத்ததுக்கு அவளும் நாங்களும் வந்தோமே, எனக்குத்தான் சட்டுனு மொகம் பிடிபடல. அங்க உங்களப் பாத்ததாலதான் நீங்க கிளப்புல சேந்தப்பவே அவளுக்கு அடையாளம் தெரிஞ்சிருச்சு.”

பெரட்டு என்றால் என்னவென்று எங்கேயோ வாசித்தேன் என்று நான் சொன்னபோது, என் அம்மாவின் சாவுக்கு வந்து போனவர் கரையில் குந்தியிருந்திருக்கிறார். சரிங்க என்று சொல்லிவிட்டு, என் நெற்றியிலிருந்த கப்பைச் சரிசெய்திருக்கிறார். அந்த அறையில், அந்த அம்மா ‘தோட்டத்து ஆளுங்க’ என்று சொன்னபோதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

“இருங்க, இந்நேரம் அவ போன் எடுப்பா,” என்று அண்ணி வீடியோவில் அழைத்தார். “இந்தா, ஒன்னையப் பாக்க யாரு வந்துருக்கான்னு பாரு,” என்று போனை என் கையில் கொடுத்தார்.

தலையில் துணி கட்டிய அவர் முகம் தெரிந்தது. பின்னால் வெள்ளை ஓடு பதித்த சமையலறைச் சுவர்.

“மிஸ்ஸா? என்னா மிஸ், இவ்வளவு தூரம்?”

ஒத்திகை பார்த்தது எல்லாம் போய்விட்டது. “நான் அன்னைக்கிப் பேசியிருக்கணும்,” என்றேன். “செக்ரட்டரிகிட்ட நான் ஒண்ணும் சொல்லியிருக்கல. சொல்லியாச்சுன்னு உங்ககிட்டச் சொன்னது பொய்.” முதல் தடவையாக அவரை ‘உங்க’ என்றேன்.

“அது எனக்கு அந்த ரூமுக்குள்ள போனப்பவே தெரிஞ்சிருச்சு மிஸ்.”

குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அவர் கையை நீட்டி அதை மூடினார்.

“ஒண்ணு கேக்குறேன், உள்ளதச் சொல்லுங்க. அன்னைக்கி நீங்க ஒரு வார்த்த சொல்லிருந்தா என்னைய வேலையில வச்சிருப்பாங்களா?”

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். சட்டம் சட்டம்தான், என்ன சொன்னாலும் நிறுத்தியிருப்பார்கள் என்று சொல்லியிருக்கலாம். அது அவருக்கும் ஓர் ஆறுதலாக இருக்கும் என்றுகூட அந்த நொடியில் தோன்றியது.

“வச்சிருப்பாங்க,” என்றேன். “செக்ரட்டரியே சொன்னார்.”

அவர் மெதுவாகத் தலையை அசைத்தார்.

“நானும் அப்படித்தான் நெனச்சேன். சரியாத் தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன்.” பிறகு, “போனப் புள்ளகிட்டக் குடுங்க மிஸ். எனக்குப் பத்து நிமிசம்தான் இருக்கு,” என்றார்.

கொடுத்தேன். சிறுமி போனை வாங்கிக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு, வாசலுக்கு ஓடினாள். அண்ணி எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார், “நம்ம வீடுதானே, குடிங்க” என்று. குடிக்காமல் எழுந்து வர முடியாது. குடித்தேன். வெளியே பிள்ளை பள்ளிக்கூடக் கொப்பியைப் போனுக்கு நேராக விரித்துப் பிடித்துக்கொண்டு, “தெரியுதாம்மா? இப்பத் தெரியுதா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.